காய்ச்சல் கழிவு

செவ்வாய்ப்பேட்டை மாடியில்
ஏசி வைத்த ஒரே அறை அதற்குத்தான்.
முதலாளி தலைக்கு மேலே கிறீச்சிடும் காற்றாடி;
ஏஎஸ் நானூறுக்குப் பதினெட்டு டிகிரி.

ஏற்காட்டு எஸ்டேட்டின் அன்றன்றைய எடை
அன்றன்றே இதற்குள் விழ வேண்டும் என்றார், ஃபோன் வழியாக.
முடியுமா என்று கேட்கவில்லை.
எப்போது என்றுதான் கேட்டார்.

மோடத்தின் வயிற்றில் எட்டுப் பொடி சுவிட்சுகள்.
தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவி
ஒவ்வொன்றாய் நெம்பினேன்:
மூன்றும் ஐந்தும் மேலே, மற்றவை கீழே.
மலைச்சாலைக்கு இருபது கொண்டை ஊசி தேவைப்பட்டது.
எனக்கு ஒன்று.

லைன், அதன் கீழ் கன்ட்ரோலர், அதன் கீழ் டிவைஸ்.
ஒன்றின் பெயரை மற்றொன்றின் காதில் போட்டு
வரிசை மாறாமல் எழுப்ப வேண்டும்.
மாறினால் மூன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.
இந்த இயந்திரத்துக்கு அடுக்கச் சொன்னால்
எழுத்து முந்தும், எண் கடைசியில் வரும்.
ஆள் முதலில், தொகை பிறகு.
எங்கள் பேட்டையில் யாரும் அப்படிப் பழகியதில்லை.

பச்சைத் திரை சொன்னது:
எழுந்தாயிற்று, காத்திருக்கிறேன்.

கார்த்திகை மழை. நாகலூரில் ரைட்டர் இன்னாசி
டயல் சுழற்றினார்.
முதலில் ஒரு விசில். பிறகு தகரத்தைக் கிழிக்கும் சத்தம்.
பிறகு
மாட்டுச்சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து
விலை பேசுவார்களே, அது.
ஒன்பதாயிரத்து அறுநூறு?
கட்டாது.
நாலாயிரத்து எண்ணூறு?
லைன் நனைந்து கிடக்கிறது, பார்த்துச் சொல்.
இரண்டாயிரத்து நானூறு.
துண்டை உதறித் தோளில் போட்டது போல்
ஓர் அமைதி.

விளக்கு எரிந்தது.
மலையில் ஒரு திரை, மேலிருந்து கீழாக,
வரி வரியாகப் பச்சை பிடித்தது.

ஏழு நாற்பதுக்கு அறுந்தது.

மறுநாளும் ஏழு நாற்பது.
கேபிளை மாற்றினேன். சுவிட்சுகளை மாற்றி, திரும்ப மாற்றினேன்.
இடியைச் சொன்னார்கள், குரங்கைச் சொன்னார்கள்,
டெலிஃபோன் இலாகாவைச் சொன்னார்கள்.
நான்காம் நாள் ஏசியை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.
அப்போதுதான் கேட்டது,
கீழே, கணக்கர் மேசைப் பக்கம்,
இணைப்பு ஃபோனின் மணி நாக்கு
லேசாகப் பட்ட ஒரு டிங்.

இறங்கிப் போனேன். ரிசீவரும் கையுமாகத் தீர்த்தகிரி.
"வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லலாம்னு எடுத்தேம்மா."
அவர் வீட்டில் ஃபோன் கிடையாது.

இரவு பழைய பேரேடுகளைப் புரட்டினேன்.
மேலே நூற்றுப் பன்னிரண்டு மூட்டை, கீழே நூற்றொன்பது.
மேலே தொண்ணூற்றாறு, கீழே தொண்ணூற்று மூன்று.
நடுவில் அழகான கையெழுத்தில்
காய்ச்சல் கழிவு, மூன்று.
மூன்று வருஷமாக அதே மூன்று.
காய்ந்தால் எடை குறையும், சரி.
மூட்டையே குறையுமா?
மூடுபனிக்குள் வரும் லாரியில்
கொட்டை ஈரம் குடித்துக் கனக்கத்தான் செய்யும்.
எந்த வளைவில் எவனுக்குக் காய்ச்சல் கண்டதோ,
நான் கேட்கவில்லை.
சுவரோரப் பெட்டியின் மூடியை நெம்பி
இரண்டு வயரை மட்டும் விடுவித்தேன்.
அதற்கும் அதே கொண்டை ஊசி.

அடுத்த நாள் ஏழு நாற்பது வந்தது, போனது.
எட்டு இரண்டுக்கு
நூற்றுப் பன்னிரண்டு வந்து இறங்கியது,
லாரி கிளம்பும் முன்பே.

காலையில் தீர்த்தகிரி வாசலில் நின்று எண்ணினார்.
சத்தமாக ஒருமுறை, சத்தமில்லாமல் ஒருமுறை.
பிறகு மாடிக்கு வந்தார், முதல் தடவையாக,
செருப்பைக் கழற்றிவிட்டு.
கழிவு என்ற கட்டத்தைக் காலியாக விட்டால்
இயந்திரம் அடுத்த வரிக்கு விடாது.
ஒற்றை விரலால், தேடித் தேடி,
பூஜ்யத்தை அவரே அடித்தார்.

கீழே அந்த ஃபோன் செத்தே கிடக்கிறது.
துணி போட்டுத் துடைத்து வைக்கிறார்.
இன்றுவரை
ஒரு புகார் எழுதியதில்லை.